விசாரணைக்கு வைத்த அடுப்பு

ஆடி பிறந்த வாரத்தில் ஒரு காலைப்பொழுது, சோழபுரம் கண்ணுச்சாமியை அவர் பெற்ற மகனே வீட்டைவிட்டு வெளியேற்றினான். வெளியேற்றினான் என்றதும் கோபதாபம், கூச்சல் என்று நினைத்துவிட வேண்டாம். கட்டிலின் தலைமாட்டை மகன் பிடித்துக்கொள்ள, கால்மாட்டை அப்பனே பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் சிரித்துப் பேசியபடி வீட்டை ஒட்டியிருந்த தொழுவத்துக்குக் கொண்டுபோனார்கள். மாடுகளை விற்றுப் பல வருடம் ஆகிவிட்டதால் அங்கே விறகும் பழைய டயர்களும்தான் கிடந்தன. மருமகள் ஈஸ்வரி முன்னமே கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள்.

"ஆர்.ஐ. வந்து பார்த்துட்டுப் போற மட்டுக்கும்தாம்ப்பா. ஒரு வாரம், மிஞ்சிப்போனா பத்து நாளு," என்றான் மகன் அழகுராஜா.

"ஏலே, நான் மில்லுல பஞ்சு மூட்டை மேல படுத்து ஒறங்குனவன். எனக்கென்ன," என்றார் கண்ணுச்சாமி.

விஷயம் முதியோர் பென்ஷன். அழகுராஜா ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு லோடு வேன் ஓட்டுகிறவன். ஊர் டீக்கடையில் அவன் சேக்காளி சோணைமுத்துதான் இந்த யோசனையைக் கொடுத்தான். சோணைமுத்து பட்டாளத்திலிருந்து வந்து தானே ஒரு பென்ஷன் வாங்குகிறவன். அது போதாதென்று தன் அம்மாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். "கவர்மெண்டு குடுக்குது. வாங்காதவன்தான் இளிச்சவாயன். மகன் கவனிக்கல, தனியாப் பொங்கித் திங்காருன்னு காட்டணும், அம்புட்டுதான். வாரவுக மொதல்ல அடுப்பைத்தான் பார்ப்பாக. தனி அடுப்பு இருந்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது," என்று அவன் டீயை ஆற்றிக்கொண்டே வகுப்பு எடுத்தான்.

மனு கொடுத்தாயிற்று. கிராம நிர்வாக அதிகாரி பார்த்து மேலே அனுப்பிவிட்டார். இனி வருவாய் ஆய்வாளர், ஊர்வாயில் ஆர்.ஐ., நேரில் வந்து பார்க்கவேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லமாட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் வரலாம். இந்த 'எப்போது வேண்டுமானாலும்' என்பதுதான் பின்னால் அந்த வீட்டைப் பிடித்து ஆட்டியது.

கண்ணுச்சாமி அப்படியொன்றும் வீறாப்புக்காரர் இல்லை. ரேஷன் அரிசி வாங்கினார், வேட்டி வாங்கினார், பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தபோது வெயிலில் வரிசையில் நின்றார். வரிசையில் நிற்பதில் என்ன கேவலம் இருக்கிறது? ஆனால் வாங்கிய எதற்கும் அவர் பொய் சொன்னதில்லை. பொய் சொல்லவேண்டிய தேவையும் அதுவரை வந்ததில்லை. ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில் ஒன்றில், மூட்டைப் பஞ்சைப் பிரித்துப் போடுகிற புளோ ரூமில் வாலிபம் முழுவதையும் கழித்தவர் அவர். கடைசிவரை அவரை நிரந்தரம் ஆக்கவில்லை. ஆள் வராத இடத்துக்குப் போகிற பதிலியாகவே சேர்ந்து பதிலியாகவே வெளியே வந்தார். அதனால் மில் பென்ஷன் என்று ஒன்று கிடையாது. ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்து இறங்கும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். மனைவி குருவம்மாள் துண்டால் தட்டிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். அப்படிப் பஞ்சைத் தின்று சேர்த்துக் கட்டிய வீட்டை, மகன் கல்யாணத்தின்போது அவன் பேருக்கே எழுதிவைத்தார். யோசித்துச் செய்யுங்கள் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். "போகையில தூக்கிட்டா போகப்போறேன்," என்று சிரித்துவிட்டார்.

தன் அப்பனை அவர் பார்த்துக்கொண்ட விதமும் ஊருக்குத் தெரியும். வாதம் வந்து கிடந்த மனிதருக்குச் சோறு பிசைந்து ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுத்தான் ஷிப்டுக்குச் சைக்கிளை எடுப்பார். அதை ஒரு நாளும் புண்ணியமாகச் சொல்லிக்காட்டியதில்லை. அப்பனுக்குச் சோறு போடுவதில் சொல்லிக்காட்ட என்ன இருக்கிறது? குருவம்மாள் போனபிறகு மகன் வீட்டுத் தட்டில் தான் சாப்பிட்டதையும் அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

முதல் சில நாள் எல்லாம் வேடிக்கையாகத்தான் போனது. மூன்று செங்கலைக் கூட்டி ஈஸ்வரி அடுப்பு வைத்தாள். ஒரு பானை, ஒரு அகப்பை, ஒரு அலுமினியத் தட்டு. "தாத்தா கூட்டாஞ்சோறு ஆக்குதாரு," என்று பேத்தி கைதட்டினாள். சாப்பாட்டு நேரத்துக்கு ஈஸ்வரி தூக்குவாளியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து வைத்துவிட்டு, திருடிபோலத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போவாள். அதைப் பார்த்து கண்ணுச்சாமிக்குச் சிரிப்பாக வரும்.

அப்புறம் ஒரு நாள் சோணைமுத்து வந்து அடுப்பைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"என்னடே இது, செங்கல் செவசெவன்னு இருக்கு. காலையில வச்ச அடுப்புன்னு பச்சப்பிள்ளகூடச் சொல்லிரும். நல்லாக் கரி பிடிக்கணும்."

ஆகவே கரி பிடிக்கட்டும் என்று தினமும் விறகு வைத்து எரித்தார்கள். சும்மா எரிப்பானேன் என்று கண்ணுச்சாமி அதில் வெந்நீர் வைத்தார். பானை கொதிப்பதைப் பார்த்த ஈஸ்வரி, "அதான் ஒலை கொதிக்கே மாமா, ரெண்டு அரிசியப் போட்டுக்கிடுங்களேன். கொழம்பு நான் தாரேன்," என்றாள். நியாயமான பேச்சுதான். அவளும் சும்மா உட்கார்ந்திருக்கிறவள் இல்லை. கம்பெனியிலிருந்து பேண்டேஜ் துணியை மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வாங்கி வந்து சுருட்டி மடித்துக் கொடுக்கிறவள். விடிந்தால் அடைந்தால் கை ஓயாது. ஒரு ஆள் சோறு குறைந்தால் அவளும் கொஞ்சம் மூச்சு விடலாம். கண்ணுச்சாமி அரிசியைப் போட்டார்.

குழம்பு சில நாள் வந்தது. சில நாள் ரசமாக வந்தது. ஒரு நாள் லோடு அவசரம் என்று எதுவுமே வரவில்லை. அன்றைக்கு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கஞ்சியைக் குடித்தார். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்காததால் மறுநாளும் வரவில்லை. யாரும் உட்கார்ந்து முடிவெடுத்து நிறுத்தவில்லை, அதுதான் இதில் வயிற்றெரிச்சல். முடிவெடுத்து நிறுத்தியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

பேச்சும் அப்படித்தான் நின்றது. "வாரவுக அக்கம்பக்கத்துல விசாரிப்பாகப்பா. நாம சிரிச்சுப் பேசுறதைப் பார்த்தா எவனாச்சும் போட்டுக் குடுத்துருவான். தெருவுல வச்சு ரொம்பப் பேச்சு வேண்டாம்," என்றான் அழகுராஜா. முன்பெல்லாம் வேனை நிறுத்தியதும் தெருமுனையிலிருந்தே "அப்பா" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவன், இப்போது தொழுவத்தருகே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நேரே உள்ளே போனான். போகிறபோது கண்ணை மட்டும் சிமிட்டுவான். நாளாக நாளாகச் சிமிட்டுவதும் நின்றுபோனது.

கண்ணுச்சாமி கட்டுண்டு கிடந்தார். டீக்கடைக்குப் போக முடியாது, கோயில் பக்கம் காற்றாட உட்கார முடியாது. அந்த நேரம் பார்த்து ஆர்.ஐ. வந்துவிட்டால்? தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் அவசரமாக அடுப்படியில் போய்க் குந்திக்கொள்வார். வந்தது பால்காரனாகவோ தவணைக்காரனாகவோ இருக்கும். கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று மகன் சொல்லிக் கொடுத்திருந்ததை உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பார். எம் மகன் எனக்குச் சோறு போடுறதில்ல. ஆரம்பத்தில் இதைச் சொல்லிப் பார்க்கும்போது நாக்குக் கூசியது. இப்போதெல்லாம் சரளமாக வந்தது. அதை நினைத்து ஒரு நாள் திடுக்கிட்டார்.

ஒரு மத்தியானம் சவரப் பெட்டியை எடுக்க வீட்டுக்குள் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் கட்டில் கிடந்த மூலையில் பேண்டேஜ் மூட்டைகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. சுவரில் குருவம்மாள் படத்தின் பாதி மூட்டைக்குப் பின்னால் போயிருந்தது.

"எடம் சும்மாத்தானே மாமா கெடந்துச்சு. நீங்க உள்ள வரும்போது எடுத்துருதேன்," என்றாள் ஈஸ்வரி, மடிப்பதை நிறுத்தாமல்.

அப்போது சரக்கு எடுக்க வந்திருந்த கம்பெனி ஆள், "யாரு அக்கா இவரு?" என்று கேட்டான். ஈஸ்வரி தலையைத் தூக்காமலே, "மாமனாரு. அவிய தனியா இருக்காக," என்றாள். கம்பெனி ஆளுக்கும் ஆர்.ஐ.க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவனிடம் நடிக்கவேண்டிய அவசியமும் கிடையாது. கண்ணுச்சாமி சவரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

எதிர்வீட்டில் நாச்சியார் இருந்தாள். உண்மையிலேயே நாதியற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை பிறக்கவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. மாதம் பிறந்தால் வருகிற அரசாங்கத்துப் பென்ஷனில்தான் அவள் வீட்டில் புகை வரும். அதற்காக அவளை யாராவது ஒரு சொல் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அவள் இந்தத் தொழுவத்துக் கூத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு நின்று, "எனக்கு அந்தத் துட்டுதாண்ணே மகன். ஒங்களுக்கு மகன் இருக்கான்னுல்லா நெனச்சிருந்தேன்," என்றாள்.

"இருக்கான், இருக்கான். இது விசாரணைக்காக வச்சது நாச்சியாரு," என்றார் கண்ணுச்சாமி.

"விசாரணைக்கா," என்று அவள் பானையை ஒரு பார்வை பார்த்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இப்படி இருக்கையில் ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். அன்றைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, ஆர்.ஐ. மட்டுமல்ல, அவர் ஆபீஸ் நாற்காலிகூட அசையாது. பல நாளாகவே கண்ணுச்சாமி அந்த நாளை எதிர்பார்த்திருந்தார். அன்று ஒரு நாள் நடிக்கவேண்டாம். அழகுராஜா கைப்பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து வருடம் தவறாமல் குடும்பத்தோடு தேருக்குப் போவது அவர்கள் வழக்கம். மில்லில் லீவு கிடைக்காத வருடத்தில்கூட ஷிப்டை மாற்றிக்கொண்டு போய் வடத்தைத் தொட்டுவிட்டு வருவார்.

விடிந்ததும் சவரம் செய்து, குளித்து, மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டார். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தார். சத்தத்தையே காணோம். கடைசியில் எழுந்து போய்ப் பார்த்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது.

"மொதல் பஸ்ஸுக்கே போயிட்டாகளேண்ணே. ஒங்ககிட்டச் சொல்லலியா?" என்றாள் நாச்சியார் எதிர்வாசலில் இருந்து.

"சொன்னான், சொன்னான். நான்தான் பொறவு வாரேன்னேன்."

அவர் சொன்ன முதல் பொய் அது. ஆர்.ஐ.யிடம் சொல்வதற்காகத் தயாராக வைத்திருந்ததற்கு நேர்மாறான பொய்.

ராஜபாளையம் போய் பஸ் மாறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. கோவிந்தா, கோபாலா என்று கூட்டம் முழங்க, தேர் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. வடத்தின் பக்கம் நெருக்கிக்கொண்டு போனவர், ஒரு வளையல் கடை ஓரத்தில் மகனைப் பார்த்துவிட்டார். பேத்தி அவன் தோளில் உட்கார்ந்து பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். ஈஸ்வரி வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகுராஜாவும் அவரைப் பார்த்தான். கண்ணுச்சாமி கையைத் தூக்கினார்.

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சோழபுரத்துத் தெருவில் தினமும் திருப்புகிற அதே மாதிரி, அதே பக்கம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எந்த ஆர்.ஐ. பார்க்கப்போகிறார்? எந்தப் பக்கத்து வீட்டுக்காரன் போட்டுக்கொடுக்கப் போகிறான்? பயந்து திரும்பவில்லை, வேண்டுமென்று அவமதிக்கவும் இல்லை. பழக்கத்தில் திரும்பினான். அவன் கழுத்துக்கு அது பழகிப்போயிருந்தது. கண்ணுச்சாமிக்கு அது புரிந்த நொடியில் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். வடத்தைத் தொடாமலே பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினார். அதுவரை அது விசாரணைக்கு வைத்த அடுப்பு. அன்றிலிருந்து அது அவருடைய அடுப்பு. பத்து நாள் என்று ஆரம்பித்தது ஆடியைத் தின்றுவிட்டது.

ஆவணி பிறக்கப்போகிற சமயம், ஒரு காலை நேரத்தில் ஆர்.ஐ. வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. கூட ஊர்த் தலையாரி சின்னக்கருப்பன். அழகுராஜா அப்போதுதான் வேன் சாவியோடு கிளம்பிக்கொண்டிருந்தான். ஈஸ்வரி பேண்டேஜ் சுருளும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். சின்னக்கருப்பன், "மாமா, அம்மா விசாரிக்க வந்திருக்காக," என்றான். கண்ணுச்சாமி கட்டிலைவிட்டு எழுந்தார்.

அந்த அம்மா எடுத்த எடுப்பில் யாரையும் கேட்கவில்லை. நேரே தொழுவத்துக்குள் குனிந்து வந்து செங்கல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் கறுத்தது. பானையைத் திறந்து அடியில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்தார். சிரட்டையில் உப்பு, அதன் மேல் பாதி வெங்காயம். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"இது நெஜ அடுப்புதான். முந்தாநாள் ஒரு வீட்டுல போய்ப் பார்த்தா, அடுப்புல கெடந்த சாம்பலே பக்கத்து வீட்டுச் சாம்பல்," என்று சின்னக்கருப்பனிடம் சொன்னவர், அழகுராஜா பக்கம் திரும்பினார். "நீங்கதானே மகன்? அப்பாவைக் கவனிக்கிறதில்லையா?"

இந்த இடத்துக்குச் சோணைமுத்து அவனுக்கு வசனம் சொல்லிக் கொடுத்திருந்தான். எனக்கும் அவருக்கும் ஆகாது, என் பாடே பெரும்பாடு, அவரை வச்சு என்னால கஞ்சி ஊத்த முடியாது. முறைப்பாக நின்று சொல்லவேண்டும். அழகுராஜா வாயைத் திறந்தான்.

"எனக்கும் அவருக்கும்..." என்றான். மிச்சம் வரவில்லை. "பேச்சுவார்த்தை இல்லைங்க மேடம்," என்று தரையைப் பார்த்து முடித்தான்.

ஆர்.ஐ. தெருவுக்கு வந்து எதிர்வாசலைப் பார்த்தார். "ஏம்மா, நீங்க சொல்லுங்க. இவர் தனியாத்தான் இருக்காரா?"

நாச்சியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் பொய் சொல்லமாட்டேம்மா. மொதல்ல நாலு நாளு சோறு கொண்டாந்து குடுத்தாக, அதைக் கண்ணால பார்த்தேன். பொறவு ஒண்ணும் கெடையாது. ஆடி பூராவும் இந்த மனுசன் தங் கையாலதான் பொங்கித் திங்காரு. பூரத்தன்னைக்குக்கூட இவரை விட்டுட்டு வீட்டைப் பூட்டிட்டுத்தான் போனாக."

இதைவிட நல்ல சாட்சி காசு கொடுத்தாலும் கிடைக்காது. நினைத்தது நினைத்தபடி நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அழகுராஜாவின் முகத்தில் ரத்தம் இல்லை. சாவிக் கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலு வீட்டு வாசலில் ஆள்கள் வந்து நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"பெரியவரே, கடைசியா நீங்க சொல்லிட்டா எழுதிடலாம். மகன் சோறு போடுறாரா, இல்லையா?"

இல்லை. ஒரே ஒரு சொல். உண்மையான சொல். இத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். சொல்லிவிட்டால் மாதாமாதம் பணம் வரும், இனி யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம், யாரும் குழம்பு கொண்டுவரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வீதியில் அந்தரத்தில் நின்ற தன் கை அவருக்கு ஞாபகம் வந்தது. சொல்லித்தான் விடலாமே, நாலு பேர் முன்னால் அவன் தலை குனியட்டுமே என்று ஒரு ஆங்காரம்கூட எழுந்தது.

ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவன் போடவேண்டியதில்லை. அரசாங்கமே வந்து அவன் தலையிலிருந்து அப்பனை இறக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும். அதற்குப்பின் எந்த உரிமையில் போய் அந்த வாசலில் நிற்பது? பணம் வரும். அடுப்பு எரியும். இந்தத் தொழுவத்திலேயே ஒரு நாள் எல்லாம் முடிந்தும் போகும். நினைக்கவே பயமாக இருந்தது.

மகனைப் பார்த்தார். அழகுராஜா நிமிரவில்லை.

"போடுதான் தாயி," என்றார் கண்ணுச்சாமி.

"என்னது?"

"மூணு வேளையும் போடுதான். இந்த அடுப்பு நீங்க வருவீகன்னு வச்சது. கரி பிடிக்கட்டும்னுதான் எரிச்சோம்."

ஈஸ்வரியின் கையிலிருந்த சுருள் தரையில் விழுந்து ஓடியது. நாச்சியார் எதிர்வாசலில் இருந்து, "அண்ணே," என்றாள்.

"அப்போ அந்தம்மா சொல்றது?" என்று கேட்டார் ஆர்.ஐ.

"அவளுக்கு வெவரம் தெரியாது தாயி. நீங்க அக்கம்பக்கத்துல கேப்பீகன்னு அவ கண்ணுலயும் படாமத்தான் கொண்டாந்து குடுப்பான். எம் மகன் போடாம எனக்கு யாரு போடுவா?"

அந்த அம்மா உடனே எழுதவில்லை. பானையைத் திரும்பிப் பார்த்தார். வெங்காயத்தைப் பார்த்தார். அவர் இப்படி எத்தனை தொழுவங்களைப் பார்த்தவரோ.

"பெரியவரே, நீங்க பொய் சொல்றீங்கன்னு தெரியுது. எது பொய்யின்னுதான் எனக்குப் பிடிபடல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிட்டேன்னா அப்புறம் வந்து கேட்டுப் பிரயோஜனமில்லை."

"எழுதிக்கிடுங்க தாயி."

எழுதிக்கொண்டார். இப்படி ஆளாளுக்கு நாடகம் போட்டால் நிஜமாகவே கஷ்டப்படுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சின்னக்கருப்பனிடம் சலித்துக்கொண்டே வண்டி ஏறினார். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியது.

முதலில் ஈஸ்வரிதான் பேசினாள். "எம்புட்டு நாளு பட்ட பாடு மாமா. கைக்கு வந்ததை இப்படிப் போட்டு ஒடைச்சிட்டீகளே." குரல் அழுகைக்குப் போய்விட்டது. கண்ணுச்சாமி அடுப்பின் பக்கம் போனார். குடத்திலிருந்த தண்ணீரை அடுப்பில் ஊற்றினார். புகையும் சாம்பலும் குப்பென்று எழும்பின. செங்கல் மூன்றையும் ஒவ்வொன்றாகக் காலால் தள்ளித் தொழுவத்துக்கு வெளியே விட்டார். பானையிலிருந்த பழைய சோற்றைக் கோழிகளுக்குக் கொட்டினார். பிறகு கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அழகுராஜா தொழுவ வாசலில் நின்றான். ஒரு மாதத்துக்குக் கிட்ட ஆகிறது அவன் அந்த வாசலில் வந்து நின்று.

"ஏம்ப்பா பொய் சொன்னீக?" என்றான்.

கண்ணுச்சாமி அவனையே பார்த்தார்.

"நான் போடலியேப்பா," என்றான் மகன். "நாச்சியார் அத்தை சொன்னதுதானப்பா நெசம். நான் எங்க போட்டேன்?"

"நான் சொன்னது பொய்யா நெசமான்னு எனக்குத் தெரியாதுலே," என்றார் கண்ணுச்சாமி. "அடுப்பைக் கலைச்சாச்சு. மத்தியானம் ஆகப்போகுது. நீதான் சொல்லணும்."

அழகுராஜா வேனை எடுக்கவில்லை. உள்ளே போனான். பிறகு புருஷனும் பெண்சாதியும் ஏதோ தணிந்த குரலில் பேசுவது கேட்டது. ஈஸ்வரியின் குரல் ஒரு தடவை உயர்ந்தது. அப்புறம் தரையில் கனமான எதையோ இழுக்கிற சத்தம். ஒரு மூட்டை, பின்னால் இன்னொரு மூட்டை. கண்ணுச்சாமி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வயிறு பசித்தது. பசியைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று அவர் யோசித்து வைக்கவில்லை. கூப்பிடாவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

வெயில் தொழுவத்துக்குள் ஏறிய நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்பா, சாப்பிட வாங்க."

மெதுவாகத்தான் கூப்பிட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கண்ணுச்சாமி எழுந்திருக்கவில்லை.

"அப்பா." இந்தத் தடவை கொஞ்சம் பலமாக.

எதிர்வாசலில் நாச்சியார் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், புடைப்பதை நிறுத்தி அரைமணி நேரம் இருக்கும். "அண்ணே, கூப்புடுதான்லா?" என்றாள்.

"சரியாக் கேக்கல நாச்சியாரு," என்றார் கண்ணுச்சாமி. "இன்னொருக்காக் கூப்புடட்டும்."

மூன்றாம் தடவை அழகுராஜா வாசலைத் தாண்டித் தெருவுக்கே வந்து நின்று கூப்பிட்டான். வேன் ஓட்டுகிறவன் தொண்டை. தெருமுனை டீக்கடை வரை கேட்டிருக்கும்.